நமக்கு உயிரான பாட்டு அடுத்தவருக்கு ஏன் வெறும் சத்தமா கேட்குது?

உங்க கேள்விய என் வார்த்தையில ஒரு தடவ சொல்லிக்கறேன், சரியா புரிஞ்சுகிட்டேனான்னு பார்த்துக்கோங்க. உங்களுக்கு ப்ராக்ரசிவ் மெட்டல்னா, அதாவது சிக்கலான தாளக் கணக்கோட வர்ற கனமான கிட்டார் ராக்னா, உயிர், உங்க நெருங்கின ஃப்ரெண்டுக்கு கர்நாடக சங்கீதமும் மெலடியும். நீங்க அனுப்புற பாட்ட அவர் அரை நிமிஷத்துல நிறுத்திடறார், அவர் அனுப்புறது உங்களுக்கு எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னே தெரியல, முதல்ல கிண்டலா போயிட்டு இருந்தது இப்ப ரெண்டு பேருமே பாட்டு அனுப்பறதையே விட்டுட்டீங்க. எந்த பாட்டுல ஆரம்பிச்சா அவருக்கு பிடிக்கும்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசியில "எனக்கு இவ்ளோ பெரிசா இருக்கிற ஒண்ணு அவருக்கு ஒண்ணுமே இல்லாம போறது எப்படி"ன்னு ஒரு வரி சேர்த்திருக்கீங்களே, உங்களோட நிஜமான கேள்வி அதுதான்னு எனக்கு படுது. அத புரிஞ்சுகிட்டா எந்த பாட்ட அனுப்பறதுன்றது பெரிய கஷ்டமா இருக்காது.

நான் ரெக்கார்டிங், மிக்ஸிங் வேலை பார்க்கறவன். கூடவே ரொம்ப வருஷமா இசைய கேட்க சொல்லித் தர்ற வகுப்பும் எடுக்கறேன், பாடவோ வாசிக்கவோ கிடையாது, கேட்க மட்டும். எல்லா வயசுலயும் எல்லா ரசனையிலயும் ஆளுங்க வருவாங்க, ஒருத்தர் கொண்டு வர்ற பாட்ட மத்தவங்க முழுசா கேட்டுட்டு பேசணும், அவ்ளோதான் வகுப்பு. அதனால நான் சொல்லப்போறதுல சிலது ஆராய்ச்சியில நல்லா உறுதியானது, சிலது நான் வகுப்புல திரும்பத் திரும்ப பார்த்தது, சிலது என்னோட ஊகம். எது எதுன்னு அங்கங்கயே சொல்லிடறேன்.

1990-ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில எலிசபெத் நியூட்டன்னு ஒரு மாணவி தன்னோட பிஎச்டிக்காக ஒரு எளிமையான சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுங்கள ஒருத்தர் மேஜை மேல விரலால தட்டிக் காட்டணும், எதிர்ல உட்கார்ந்திருக்கறவர் அது என்ன பாட்டுன்னு சொல்லணும். பாதிக்கு பாதியாவது கண்டுபிடிச்சிடுவாங்கன்னு தட்டினவங்க நம்பினாங்க. தட்டின 120 பாட்டுல கேட்டவங்க கண்டுபிடிச்சது 3. ஏன்னா தட்டுறவர் மண்டைக்குள்ள மெட்டு, குரல், வாத்தியம் எல்லாம் சேர்ந்து ஓடிட்டே இருக்கு, அத அவரால நிறுத்தவும் முடியாது, அதனால எதிர்ல இருக்கறவருக்கு வெறும் டொக் டொக் மட்டும்தான் போய்ச் சேருதுன்றது அவருக்கு உறைக்கவே உறைக்காது. நீங்க லிங்க் அனுப்பும்போது பாட்டு முழுசாதான் போகுது, ஆனா நாலாவது நிமிஷத்துல அந்த கிட்டார் எப்படி உடைஞ்சு வேற இடத்துக்கு போகும்னு உங்களுக்கு இருக்கிற அந்த எதிர்பார்ப்பு, அந்த பேண்டோட பழைய ஆல்பங்கள் எல்லாம் கேட்டதுனால வந்த பழக்கம், எந்த காலகட்டத்துல அந்த பாட்டு உங்க கூட இருந்துச்சுன்ற ஞாபகம், இதுல எதுவும் அந்த லிங்க்ல போகாது. நீங்க ரசிக்கிறதுல பாதிக்கு மேல அங்கதான் இருக்கு.

இதுக்கு மூளை பக்கமிருந்தும் ஆதாரம் இருக்கு. 2001-ல மான்ட்ரியல்ல ஆன் ப்ளட், ராபர்ட் ஸட்டோரேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், கேட்டா உடம்பு சிலிர்க்கிற இசைய ஆளாளுக்கு அவங்கவங்களே தேர்ந்தெடுத்து கொண்டு வரச் சொல்லி, அத கேட்கும்போது மூளைய ஸ்கேன் பண்ணாங்க. அதுல ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொருத்தருக்கும் "ஒண்ணும் தோணாத" இசையும் வேணுமே, அதுக்கு அவங்க பயன்படுத்தினது என்ன தெரியுமா, அந்த குழுவுல இருந்த இன்னொருத்தரோட சிலிர்ப்பு பாட்டு. அத்தனை பேரும் இசை படிச்சவங்க, அப்பவும் ஒருத்தர உலுக்கின இசை பக்கத்துல இருக்கறவர பெரிசா தொடல. எனக்கு இத படிச்சப்ப ரொம்ப ஆறுதலா இருந்துச்சு, உங்களுக்கும் இருக்கும்னு நினைக்கிறேன். பத்து வருஷம் கழிச்சு 2011-ல அதே ஊர்ல நடந்த இன்னொரு ஆய்வுல இன்னும் ஒரு படி மேல போனாங்க: பிடிச்ச பாட்டுல அந்த உச்ச இடம் வரும்போது மட்டும் இல்லாம, அது வரப்போகுதுன்னு காத்திருக்கிற நொடிகள்லயே மூளையில டோபமைன்ன்ற, சந்தோஷத்தோட சம்பந்தப்பட்ட ரசாயனம் சுரக்குது. அதாவது இசை தர்ற சந்தோஷத்துல ஒரு பெரிய பங்கு "இப்ப வரும் பாரு"ன்ற எதிர்பார்ப்பு. லியோனார்ட் மேயர்ன்ற இசை அறிஞர் 1956-லயே இந்த கருத்த எழுதிட்டார், இசையோட உணர்ச்சி நம்ம எதிர்பார்ப்போட அது விளையாடற விளையாட்டுலதான் பிறக்குதுன்னு. எதிர்பார்ப்பே இல்லாதவர்கிட்ட அது எத வச்சு விளையாடும்?

சரி, எதிர்பார்ப்பு எங்கிருந்து வருது? கேட்டுக் கேட்டு வருது. இதுல எவ்ளோ பிறவியில வர்றது, எவ்ளோ பழக்கத்துல வர்றதுன்னு நூறு வருஷத்துக்கும் மேல சண்டை போட்டுட்டு இருக்காங்க. 2016-ல வந்த ஒரு ஆய்வு இதுல ரொம்ப முக்கியம்: பொலிவியாவோட அமேசான் காட்டுப் பகுதியில வாழற சிமானே மக்கள்கிட்ட, மேற்கத்திய காதுக்கு "இனிமை"ன்னு படற சுரக்கூட்டையும் "முரண்"னு படறதையும் போட்டு காட்டினாங்க. வித்தியாசம் அவங்களுக்கு தெரியுது, ஆனா ரெண்டையும் ஒரே அளவு பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. நமக்கு இயற்கைன்னு தோணுறதுல நிறைய, வளர்ந்த சூழல் காதுல போட்டுவச்சது. ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் வந்துச்சு, உங்க விஷயத்துக்கு அதுதான் நேரடியா சம்பந்தம்: சொரசொரப்பான, கரகரன்னு அடிச்சுக்கிற சத்தம் அவங்களுக்கும் பிடிக்கல. மெட்டல் கிட்டார்ல டிஸ்டார்ஷன் போடறப்போ நடக்கிறது அந்த சொரசொரப்புதான், ஆம்ப்ளிஃபையர் சிக்னல நசுக்கி அதுல இல்லாத மேல் சுரங்கள எல்லாம் கூட்டி விடுது, அதனால ரெண்டு மூணு நோட் சேர்ந்து அடிச்சா ஒண்ணோட ஒண்ணு உரசுது. மெட்டல் கேட்கிறவங்க அந்த உரசல பலம்னு, அழுத்தம்னு கேட்கப் பழகி இருக்காங்க. உங்க ஃப்ரெண்டு பழகல. அவர் மூஞ்சிய சுளிக்கிறது உங்க ரசனைய பத்தின தீர்ப்பு கிடையாது, பழகாத காது அப்படித்தான் முதல்ல நடந்துக்கும்.

இப்ப நான் ரொம்ப நம்புற, வகுப்புல பார்த்து பார்த்து வந்த ஒரு விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு வகை இசையும் ரசிகனோட கவனத்த ஒரு இடத்துல உட்கார வைக்குது, வேற வகைக்கு போகும்போது நாம அதே இடத்துலயே உட்கார்ந்துகிட்டு "இங்க ஒண்ணுமே நடக்கலையே"ன்னு சொல்றோம். மெலடி கேட்டு வளர்ந்தவர் குரல தேடுவார், குரல் பாடுற மெட்ட தேடுவார். மெட்டல்ல குரல் நிறைய நேரம் மெட்டு பாடறதே இல்ல, உறுமல் குரலுக்கு சுருதியே தெளிவா கிடையாது, அது தாள வாத்தியம் மாதிரி வேலை செய்யுது. மெட்டு எங்க இருக்குன்னா கிட்டார் ரிஃப்ல, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த கிட்டார் துண்டுல இருக்கு. அத யாராவது சொன்னாலொழிய புதுசா கேட்கிறவர் அந்த குரலையே முறைச்சு பார்த்துட்டு இருப்பார், அதுலயே களைச்சுப் போவார். இத சொல்லிட்டு, குரல விட்டுட்டு கிட்டார மட்டும் பிடிச்சுக்கோங்கன்னு சொன்னா வகுப்புல பாதி பேரோட முகம் மாறும். பிடிச்சிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா "ஓ இதுல இவ்ளோ ஒழுங்கு இருக்கா"ன்ற இடத்துக்கு வந்துடுவாங்க.

உங்க பக்கத்துக்கு வாங்க. கர்நாடக சங்கீதம் எங்க போகுதுன்னு தெரியலன்னு சொல்றீங்க. நீங்க அனேகமா கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, மாறுறதுக்காக காத்துட்டு இருக்கீங்க. ராக் கேட்ட காதுக்கு அடியில இருக்கிற கார்டு மாறினாதான் "அடுத்த இடத்துக்கு வந்துட்டோம்"னு தோணும். இங்க அடியில தம்புரா ஒரே சுருதியில நின்னுட்டே இருக்கும், அது கடைசி வரைக்கும் மாறாது. நகர்வு எல்லாம் அந்த நிக்கிற சத்தத்துக்கு எதிரா குரல் எங்க நிக்குது, எந்த சுரத்த எப்படி அசைக்குது, எந்த சுரத்த தொடாம ஒத்திப் போடுதுன்றதுல இருக்கு. ஆலாபனைய, அதாவது தாளம் இல்லாம ராகத்த மெதுவா விரிச்சுப் பாடறத, கேட்கும்போது இப்படி பண்ணிப் பாருங்க: மேல் ஷட்ஜம், அதாவது மேல் ஸ்தாயி "ஸ", எப்ப வரும்னு மட்டும் காத்திருங்க. நல்ல பாடகர் அத கிட்ட கொண்டு போய் கிட்ட கொண்டு போய் திருப்பிடுவார், கடைசியா அங்க போய் நிக்கும்போது உங்களுக்கு மெட்டல்ல ஒரு பெரிய பில்டப்புக்கு அப்புறம் எல்லாம் சேர்ந்து விழும் பாருங்க, அந்த உணர்வு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கமகம்ன்றது அலங்காரத்துக்கு சேர்த்த ஆட்டம்னு நினைச்சுக்காதீங்க, நிறைய ராகங்கள்ல அந்த அசைவே சுரத்தோட அடையாளம், அத எடுத்துட்டா ராகமே காணாம போயிடும்.

உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு இடம் இருக்கு, இத சொல்லத்தான் இந்த பதிலையே எழுத உட்கார்ந்தேன். அது கணக்கு. ப்ராக்ரசிவ் மெட்டல்ல ரிஃப் 7-ல ஓடும், மேல சிம்பல் 4-ல நிக்கும், ரெண்டும் விலகி விலகி போய் 28 எண்ணிக்கையில திரும்ப ஒரே இடத்துல வந்து விழும், சில சமயம் ரிஃப்போட வால வெட்டி சீக்கிரமே சேர்த்து விடுவாங்க. அந்த விழற இடத்துக்காகத்தானே நீங்க கேட்கறீங்க? மிருதங்கத்துல கோர்வைன்னு ஒண்ணு வாசிப்பாங்க, 5, 6, 7ன்னு சொற்கட்டுகள அடுக்கி, பெரும்பாலும் மூணு தடவ சொல்லி, தாளத்தோட சமத்துலயோ, அதாவது சுற்று தொடங்கற முதல் அடியிலயோ, இல்ல பாட்டு எடுக்கிற இடத்துலயோ கரெக்டா கொண்டு வந்து இறக்குவாங்க. ஆதி தாளத்துல ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு முழு தாளச் சுற்றுக்கு, 8 எண்ணிக்கை, ஒவ்வொண்ணையும் நாலா பிரிச்சா 32, அதுக்குள்ள அடங்காத எண்ணிக்கைய ஓட விட்டு கடைசியில அடங்க வைக்கிறாங்க. உங்க ஃப்ரெண்டு தாளம் போட்டுட்டு கேட்கிறவரா இருந்தா அவருக்கு இந்த சுகம் ஏற்கனவே தெரியும். உங்களுக்கும் தெரியும். ஒரே சுகத்த ரெண்டு வேற சத்தத்துல வச்சிருக்கீங்க, அவ்ளோதான். அதனால நீங்க அவருக்கு அனுப்புற முதல் பாட்டுல உறுமல் குரல் வேண்டாம், குரலே இல்லாத பாட்டா இருந்தா இன்னும் நல்லது, டிஸ்டார்ஷன் கம்மியா, கிட்டார் தெளிவா கேட்கிற, ரிஃப்பும் ட்ரம்ஸும் வேற வேற கணக்குல ஓடுற பாட்டா பாருங்க. அவர்கிட்ட உங்களுக்கு ஒரு தனி ஆவர்த்தனத்த, அதாவது கச்சேரியில மிருதங்கம் மாதிரி தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதிய, அனுப்ப சொல்லுங்க, எங்க கோர்வை ஆரம்பிக்குதுன்னு நிமிஷம் செகண்டோட. முடிஞ்சா பக்கத்துல உட்கார்ந்து அவர் கையால தாளம் போட்டு காட்டட்டும், அந்த கைய பார்த்துட்டே கேட்டீங்கன்னா உங்களுக்கு கொஞ்ச நேரத்துலயே பிடிபட்டுடும்.

மத்த வகைகளுக்கும் இதே மாதிரி நுழையற இடம் உண்டு, வேகமா சொல்லிட்டு போயிடறேன், ஏன்னா இத படிக்கிற வேற யாருக்காவது உதவும். ஜாஸ்ல நிறைய பாட்டுல முதல்ல மெட்ட நேரா வாசிச்சுடுவாங்க, அப்புறம் அதே கார்டு சுற்று, 12 பார் இல்லன்னா 32 பார் (பார்னா தாளத்தோட ஒரு சின்ன அளவு), திரும்பத் திரும்ப ஓட அதுக்கு மேல ஆளுக்கு ஒருத்தரா கற்பனை பண்ணுவாங்க. சோலோ ஓடும்போது மனசுக்குள்ள முதல்ல கேட்ட மெட்ட முணுமுணுத்துட்டே இருங்க, திடீர்னு அவங்க எத வச்சு விளையாடறாங்கன்னு தெரிய ஆரம்பிக்கும். ராப்புல அடியில திரும்பத் திரும்ப ஓடுற இசைத் துண்டு, அதாவது லூப், மாறலன்னு குறை சொல்றவங்க அந்த லூப் தரைன்னு புரிஞ்சுக்கணும், விஷயம் எதுகை எந்த அடியில விழுது, எங்க வேணும்னே தள்ளி விழுதுன்றதுல இருக்கு. எலக்ட்ரானிக் நடன இசையில நிமிஷத்துக்கு 120, 130 அடின்னு கிக் ட்ரம் மாறாம ஓடும், மாற்றம் எல்லாம் 8, 16 பாருக்கு ஒரு தடவ சத்தத்தோட நிறத்துல மெதுவா வரும், மெட்டு தேடினா கிடைக்காது. மேற்கத்திய செவ்வியல் இசையில மெல்லிசான இடத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் அவ்ளோ இடைவெளி இருக்கும், போற வழியில ஹெட்ஃபோன்ல கேட்டா பாதி காணாம போகும், அத உட்கார்ந்து அமைதியான ரூம்ல கேட்டாதான் நியாயம். சினிமா பாட்டு கேட்டு வளர்ந்தவங்களுக்கு பல்லவி உடனே வரணும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடியணும், நடுவுல இன்டர்லூட்ல காட்சி மாறணும், இது ஒரு அருமையான வடிவம், ஆனா அந்த கடிகாரத்த வச்சு மத்த எல்லாத்தையும் அளந்தா எல்லாமே இழுவையா தெரியும்.

வகைய விட பெரிய பிளவு ஒண்ணு இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. சிலர் முதல்ல வரிகள கேட்கிறாங்க, சிலருக்கு நூறு தடவ கேட்ட பாட்டுலயும் வரி தெரியாது, சத்தம்தான் தெரியும். இது என் வகுப்பு அனுபவம், எண்ணிக்கை எல்லாம் எடுக்கல, ஆனா அவ்ளோ தடவ பார்த்ததால தைரியமா சொல்றேன். வரி கேட்கிறவருக்கு மொழி புரியாத பாட்ட கொடுத்தா வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அடுத்தது, சிலர் பாட்ட வேலை செய்யும்போது பின்னாடி ஓட விடறவங்க, சிலர் பாட்டு ஓடினா வேற எதுவும் செய்ய முடியாதவங்க. வீட்டுல, நட்புல பாட்டு சண்டை வர்றதுக்கு இதுதான் நிறைய நேரம் காரணம், ஆனா ரெண்டு பேரும் அத மெட்டல் சண்டை, மெலடி சண்டைன்னு நினைச்சுக்கறாங்க. உங்க ஃப்ரெண்டு எப்போ, என்ன பண்ணிட்டு பாட்டு கேட்கிறவர்னு கேட்டீங்களா? சமைச்சுட்டே கேட்கிறவருக்கு பத்து நிமிஷ ப்ராக்ரசிவ் பாட்டு எந்த காலத்துலயும் ஒட்டாது.

திரும்பத் திரும்ப கேட்டா பிடிச்சிடும்னு சொல்வாங்களே, அது பாதி உண்மை. ராபர்ட் ஸையான்ஸ்ன்ற உளவியலாளர் 1968-ல காட்டினது, ஒரு விஷயம் வெறுமனே கண்ணுல காதுல அடிக்கடி பட்டாலே அதுமேல விருப்பம் கூடுதுன்னு. அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வுல இது உறுதியாச்சு, இசைக்கும் பொருந்துது. ஆனா ரெண்டு நிபந்தனை இருக்கு. ஒண்ணு, அளவுக்கு மேல போனா சலிப்பு வந்து விருப்பம் இறங்கிடும், எளிமையான பாட்டுல சீக்கிரம் இறங்கும், சிக்கலான பாட்டுல மெதுவா. ரெண்டாவது, ஆரம்பத்துலயே வெறுப்பு வந்துட்டா திரும்ப போட போட வெறுப்பு கூடவும் செய்யலாம். அதனால "இன்னொரு தடவ கேளு, இன்னொரு தடவ கேளு"ன்னு துரத்தறது உங்க பாட்டுக்கே நீங்க பண்ற கெடுதல். முதல் தடவ பிடிக்கலன்னா விட்டுடுங்க, வாரங்கள் போகட்டும், அதே பேண்டோட வேற பாட்டா போங்க.

என் தொழில் பக்கமிருந்து ஒண்ணு, இது நூறு சதவீதம் உறுதியா சொல்லலாம். நீங்க நல்ல ஹெட்ஃபோன்ல சத்தமா கேட்டு உருகின பாட்ட அவர் ஃபோன் ஸ்பீக்கர்ல கம்மி சத்தத்துல கேட்டா அது வேற பாட்டு. பேஸ் கிட்டாரோட அடி தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், பெரும்பாலான ஃபோன் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்கு கீழயே பலம் இல்லாம போயிடும். பேஸும் கிக்கும் போயிட்டா மெட்டல்ல மிஞ்சறது சிம்பலும் கிட்டாரோட கரகரப்பும்தான், யாருக்குத்தான் பிடிக்கும்? மிருதங்கத்தோட இடது பக்க தொப்பியும் இதே மாதிரி காணாம போகும், வலது பக்க வலந்தலையோட டிக் டிக் மட்டும் வரும். அதோட 1933-ல பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்ச்சரும் மன்சனும் அளந்து காட்டினது இன்னிக்கும் செல்லும்: சத்தம் குறையும்போது நம்ம காது அடி சத்தத்தையும் உச்சி சத்தத்தையும் கூடுதலா இழக்குது. அதனாலதான் ஒரே பாட்ட கொஞ்சம் கூட்டி வச்சா "நல்லா இருக்கே"ன்னு தோணும், மிக்ஸிங் பண்றவங்க எல்லாருக்கும் இந்த பொறி தெரியும். ஆக ஹெட்ஃபோன்ல கேளுன்னு சொல்றது பந்தா கிடையாது, தேவையான விஷயம்.

இனி கொஞ்சம் நழுவுற தரைக்கு வர்றோம். நல்ல பாட்டு யாருக்கும் நல்ல பாட்டுதானே, தரம்னு ஒண்ணு இல்லையான்னு உங்களுக்கு தோணலாம். 2006-ல சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ்ன்னு மூணு பேர் வெளியிட்ட ஆய்வுல 14,341 பேர், யாருக்கும் தெரியாத பேண்டுகளோட 48 பாட்டு. ஆளுங்கள தனித்தனி கூட்டமா பிரிச்சு, சில கூட்டத்துக்கு மத்தவங்க எத்தனை பேர் டவுன்லோட் பண்ணாங்கன்னு காட்டினாங்க. அந்த எண்ணிக்கைய பார்த்த கூட்டங்கள்ல ஹிட்டான பாட்டு கூட்டத்துக்கு கூட்டம் மாறிப் போச்சு. தனியா கேட்டவங்க ரொம்ப ஒசத்தியா வச்ச பாட்டு எங்கயும் அனேகமா அடிமட்டத்துக்கு போகல, ரொம்ப மோசம்னு சொன்னது மேல வரல, ஆனா நடுவுல இருந்த மத்த எல்லாம் எங்க வேணா போய் நின்னுச்சு. தரம்னு ஒண்ணு இருக்கு, ஆனா நாம நினைக்கிற அளவுக்கு அது தனியா நிக்கறதில்லன்னு நான் இத எடுத்துக்கறேன். இன்னொரு பக்கம், 1996-ல அமெரிக்காவுல பெத்தனி பிரைசன்ன்ற சமூகவியலாளர் கவனிச்சது, எல்லா இசையும் கேட்பேன்னு சொல்ற படிச்சவங்க கூட ஒதுக்கிற வகைகள் எதுன்னு பார்த்தா, படிப்பு கம்மியா உள்ளவங்க விரும்பற வகைகளா இருந்துச்சு, அதுல ஹெவி மெட்டலும் ராப்பும் உண்டு. பிடிக்கலன்னு சொல்றப்போ காது மட்டும் பேசறதில்ல, "நான் அந்த மாதிரி ஆள் இல்ல"ன்ற எண்ணமும் சேர்ந்து பேசும். இது ரெண்டு பக்கமும் நடக்கும். கர்நாடக சங்கீதம் எங்க போகுதுன்னே தெரியலன்னு நீங்க சொல்றதுலயும் அதுல கொஞ்சம் இருக்கான்னு நேர்மையா பாருங்க.

பாட்ட வச்சு ஆளோட குணத்த சொல்லிடலாம்னு வர்ற விஷயங்கள மட்டும் ரொம்ப நம்பாதீங்க. ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் 2003-ல இருந்து பண்ணின ஆய்வுகள்ல தொடர்பு இருக்கு, குறிப்பா புது அனுபவத்துக்கு மனசு திறந்தவங்க சிக்கலான இசைய தேடுறது, ஆனா அந்த தொடர்பு சின்னது, ஒரு தனி மனுஷன எடை போட உதவாது. வயசு பத்தி சொல்றது அத விட கொஞ்சம் கெட்டியானது, பதின்வயசுல இருந்து இருபதுகளோட நடு வரைக்கும் கேட்ட இசை பெரும்பாலானவங்க மனசுல அழுத்தமா பதிஞ்சிடுது. அதுக்கப்புறம் காது மூடிடும்னு சிலர் சொல்றாங்க, அத நான் ஏத்துக்க மாட்டேன். அறுபது தாண்டினவங்க என் வகுப்புல ராப்புக்குள்ள போனத பார்த்திருக்கேன். வகுப்புக்கு வர்றவங்க ஏற்கனவே ஆர்வம் உள்ளவங்கன்றதால இத வச்சு எல்லாருக்கும் பொதுவா சொல்ல முடியாது, ஆனா முடியாதுன்னு சொல்றது தப்புன்றதுக்கு இது போதும்.

நடைமுறையில என்ன பண்றது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாட்டு அனுப்புங்க, நாற்பது பாட்டு பிளேலிஸ்ட் யாரும் கேட்க மாட்டாங்க, கேட்டாலும் கடமைக்கு ஓட விடுவாங்க. கூட ஒரே ஒரு வரி: எந்த நிமிஷத்துல என்னத்த கவனிக்கணும், அவ்ளோ போதும். பேண்டோட வரலாறு, இது எவ்ளோ பெரிய ஆல்பம், எத்தனை பேர் பாராட்டினாங்க, இதெல்லாம் முன்னாடியே சொன்னா அவருக்கு அது பரீட்சை மாதிரி ஆயிடும், பிடிக்கலன்னு சொல்ற சுதந்திரத்த அவர்கிட்ட இருந்து பிடுங்கறீங்க. பக்கத்துல உட்கார்ந்து கேட்டீங்கன்னா முகத்த பார்க்காதீங்க, நிஜமாவே சொல்றேன், பார்க்கிற முகம் தெரிஞ்சா யாராலயும் கேட்க முடியாது, நடிக்கத்தான் முடியும். கேட்டு முடிச்சதும் "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்காதீங்க, அதுக்கு நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு ரெண்டு பதில்தான் இருக்கு. "உனக்கு எது முதல்ல காதுல விழுந்துச்சு"ன்னு கேளுங்க. அவர் ட்ரம்ஸ்னு சொல்றாரா, பாடறவர் கத்துறார்னு சொல்றாரா, சோகமா இருந்துச்சுன்னு சொல்றாரா, அந்த ஒரு பதில்ல அவர் கவனம் எங்க உட்கார்ந்திருக்குன்னு உங்களுக்கு தெரிஞ்சிடும். அடுத்த பாட்ட அங்கிருந்து தேர்ந்தெடுக்கணும், உங்க டாப் டென்ல இருந்து எடுக்கக்கூடாது. உங்களுக்கு ரொம்ப உயிரான பாட்ட முதல்ல அனுப்பவே அனுப்பாதீங்க, அது அடிபட்டா வலிக்கும், வலிச்சா சண்டை வரும். ஒரு அம்சம் அவருக்கு பழக்கமானதா இருக்கணும், இன்னொண்ணு மட்டும் புதுசா இருக்கணும்: பழகின வேகத்துல புது சத்தம், பழகின குரல் வகையில புது தாளம், இப்படி ஒவ்வொரு படியா.

அவர் அனுப்பறதுக்கும் இதே மரியாதை கொடுங்க, இன்னும் சொல்லப்போனா முதல்ல நீங்க கேட்டுட்டு தொடங்குங்க. முழுசா கேட்டுட்டு ஒரு குறிப்பிட்ட இடத்த பத்தி கேள்வி கேளுங்க, "அந்த ஏழாவது நிமிஷத்துல வயலின் தனியா வந்துச்சே, அங்க என்ன பண்றாங்க"ன்னு. தன் பாட்ட ஒருத்தர் நிஜமா கேட்டிருக்கார்னு தெரிஞ்சாலே மனுஷங்க இளகிடுவாங்க, உங்க பாட்ட கேட்கிற காது அப்பதான் திறக்கும். பொய்யா பிடிச்சிருக்குன்னு சொல்லாதீங்க, நெருங்கினவங்களுக்கு அது உடனே தெரிஞ்சிடும்.

எல்லாம் பண்ணியும் ஒட்டாம போகலாம், அதையும் சொல்லணும். சிலருக்கு இசையே பெரிசா எதுவும் செய்யாது, 2014-ல பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வுல, காது நல்லா கேட்குது, பணம் மாதிரி மத்த விஷயத்துல சந்தோஷப்படறாங்க, இசை மட்டும் தொடறதில்லன்ற ஆளுங்கள அடையாளம் காட்டினாங்க, 100-ல 3-லிருந்து 5 பேர் அப்படி இருக்கலாம்னு ஒரு மதிப்பீடு இருக்கு. உங்க ஃப்ரெண்டு கண்டிப்பா அந்த வகை இல்ல, சங்கீதம் கேட்கிறவராச்சே. ஆனா சிலருக்கு பெரிய சத்தமும் கூர்மையான உச்சி சத்தமும் உடம்பாவே வலிக்கும், அவர் "காது வலிக்குது"ன்னு சொன்னா அத ரசனை பேச்சா எடுத்துக்காம அப்படியே நம்புங்க. மெட்டல்ல ஒரு மூலை அவருக்கு என்னிக்கும் வேண்டாம்னு இருக்கலாம், உங்களுக்கும் தாளம் இல்லாம பாட்டு வரிகள ராகத்துல விரிச்சுப் பாடற விருத்தம் என்னிக்கும் ஒட்டாம போகலாம். கோர்வையும் ரிஃப்பும் சந்திக்கிற அந்த ஒரு இடம் மட்டும் பொதுவா கிடைச்சாலே நீங்க ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேசலாம். நீங்க இதுவரைக்கும் அனுப்பினதுல அவர் எந்த இடத்துல நிறுத்தினார்னு ஞாபகம் இருந்தா எழுதுங்க, குரல் வந்ததும் நிறுத்தினாரா, டிஸ்டார்ஷன் வந்ததும் நிறுத்தினாரா, நீளத்துல நிறுத்தினாரான்னு தெரிஞ்சா அடுத்தது எந்த மாதிரி பாட்டுன்னு சேர்ந்து பார்க்கலாம்.